தாத்தாவின் பாக்கெட் வாட்ச்: ஓட வைப்பதா, அப்படியே விடுவதா?

சோழவந்தான் வீட்டை விற்பதற்கு முன்னால் சாமான்களைப் பிரித்துக்கொண்டபோது எல்லார் கண்ணும் தேக்குக் கட்டில் மேலும் பித்தளை அண்டா மேலும்தான் இருந்தது. பீரோ லாக்கரில் மஞ்சள் துணியில் முடிந்து கிடந்த பாக்கெட் வாட்சை யாரும் சீண்டவில்லை. ஓடாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தைதான், "நீ கொண்டு போடா, இந்த மாதிரிக் குப்பையெல்லாம் நீதான் சேர்ப்பே" என்று என் கையில் திணித்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் அதை ரிப்பேருக்கே கொடுத்தேன். இடைப்பட்ட காலம் முழுக்க, கை வைக்கலாமா வேண்டாமா என்ற யோசனையும் நடுவில் ஒரு முட்டாள்தனமும்தான். வீட்டில் இப்படி ஒன்று சும்மா கிடக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி. ஸ்விஸ்காரர்கள் இந்தியச் சந்தையை நம்பி 1886-ல் ஆரம்பித்த கம்பெனி அது, ரயில்வேக்கு நிறையக் கடிகாரம் கொடுத்தவர்கள். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், ஆறு மணி இடத்தில் தனியாகக் குட்டி வட்டத்தில் செகண்ட் முள். முதுகில் எஸ்.ஐ.ஆர். என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தும் அதற்குக் கீழே ஒரு நம்பரும். எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இண்டியன் ரயில்வே. 1951 ஏப்ரலில் அது வேறு கம்பெனிகளோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆகிவிட்டதால் கடிகாரம் அதற்கு முந்தியது என்பது மட்டும் நிச்சயம். தாத்தா மதுரை - மானாமதுரை - ராமேஸ்வரம் மீட்டர்கேஜ் லைனில் ரயில் கார்டாக இருந்தவர். நம்பர் போட்ட ரயில்வே சாமான் எப்படி வீட்டுக்கு வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

இதில் ஒரு கதையும் உண்டு. முள் இரண்டும் பத்து இருபதில் நின்றிருந்தன. 1974-ல் தாத்தாவின் மூச்சு நின்ற அதே நேரத்தில் கடிகாரமும் நின்றுவிட்டது என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் ரிப்பேர் என்று நான் வாயெடுத்ததுமே சென்னையில் இருக்கும் அண்ணன், "அந்த முள்ளை நகர்த்தினே, உன்கூடப் பேச்சே கிடையாது" என்று போனில் கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது.

சரி, ஓட வைக்க வேண்டாம், குறைந்தபட்சம் பளபளவென்று ஆக்கி ஷோகேஸில் வைக்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் முட்டாள்தனம். கேஸ் வெள்ளி என்று வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை. வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத்தானே துடைப்போம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியில் திருநீற்றைத் தொட்டுத் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். கறுப்பு போனது, பளபளப்பு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எஸ்.ஐ.ஆர். எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. ஏற்கெனவே தாத்தாவின் சட்டைப்பையில் உரசி உரசித் தேய்ந்திருந்த எழுத்து அது. மிச்சத்தில் பாதியை அரைமணி நேரத்தில் நான் தின்றுவிட்டேன். அந்தப் பளபளப்பும் ஆறு மாதத்தில் மங்கிவிட்டது, எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை.

அது வெள்ளியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள உரைகல் எதுவும் தேவையில்லை, பின்மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்திரை இருக்கும். அந்தக் கால ஸ்விஸ் வெள்ளிக் கேஸ் என்றால், வெள்ளியின் சுத்தத்தைக் காட்டும் எண்ணாக 0.800 போட்டு ஒரு பறவை முத்திரையோ, 0.875 போட்டு ஒரு கரடி முத்திரையோ பொதுவாக இருக்கும். எங்களுடையதில் பறவையும் இல்லை கரடியும் இல்லை. வெறும் நிக்கல். மதுரை தெற்காவணி மூல வீதிக்கு எடுத்துப் போய் நகைக்கடைக்காரரிடம் உரசிப் பார்க்கச் சொல்ல இருந்தேன், நல்லவேளையாகப் போகவில்லை, இன்னொரு கீறல் மிச்சம்.

அப்புறம் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "சார், புதுசு மாதிரி ஆக்கித் தந்துடுறோம். டயலுக்குப் புது பிரிண்ட், கேஸுக்கு முலாம், முள் மாத்திடலாம், எல்லாம் சேர்த்து 4,500" என்றார். மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன விலை அது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸையும் எடுத்துவிட்டேன். முதுகில் இருக்கிற எழுத்து என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "பாலிஷ் போட்டா அந்தக் கிறுக்கலெல்லாம் போயிரும் சார், கவலைப்படாதீங்க" என்றாரே பார்க்கலாம். கடிகாரத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

டயலைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பழைய வெள்ளை டயல்களில் பல, செம்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்டுச் செய்தவை, பீங்கான் மாதிரி. நூறு வருஷம் ஆனாலும் மஞ்சளாகாது. ஆனால் கீழே விழுந்தால் முடிபோல் கோடு விடும், ஓரத்தில் சில்லு பெயரும். எங்களுடையதில் ஏழு மணிக்குப் பக்கத்தில் மிளகு அளவு சில்லு, அதிலிருந்து நடுவரைக்கும் ஒரு கோடு. தகட்டின் மேல் பெயிண்ட் அடித்த டயல் வேறு ஜாதி. அது மஞ்சளாகும், பொரியும், ஈரத் துணி பட்டால் எழுத்தே துணியோடு வந்துவிடும். இரண்டில் எது நம்முடையது என்று தெரியாமல் டயலை விரலால்கூடத் தொட வேண்டாம். புது பிரிண்ட் போட்ட டயல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், ஆன்லைனில் பளிச்சென்று விற்கிற பழைய வாட்சுகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பெயர் ஒன்றாக இருக்கும், எழுத்தின் வடிவம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. விஷயம் தெரிந்தவர்கள் அதற்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். முள்ளிலோ எண்ணிலோ பழுப்பும் பச்சையுமாகப் பசை ஒட்டியிருந்தால் அது இருட்டில் ஒளிர்வதற்குப் போட்ட ரேடியமாக இருக்கலாம். வெளிச்சம் விடுவது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது, அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடத்தில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரை ஆபீஸ் நண்பர் சொன்னார். அவருக்குப் பிழைப்பு பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் மாற்றுவதும்தான். எச்எம்டி வாட்ச் தயாரிப்பு 2016-ல் மூடப்பட்ட பிறகு சாவி கொடுக்கிற கடிகாரம் வருவது இன்னும் குறைந்துவிட்டதாம். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு இருந்த ஒரு இடுக்கைத் தேடிப்பிடித்து, மழுங்கின கத்தியால் டக்கென்று பின்மூடியைத் திறந்தார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, கடிகாரத்துக்குத் திருநீறு பூசியிருக்கீங்களே" என்றார்.

மூடி விளிம்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. பித்தளைச் சக்கரங்களின் மேல் வெள்ளையாகத் தூள். அவர் விளக்கினார்: இந்தக் கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரம், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரம், மணிக்கு 18,000 தரம் ஆடும், ஒரு நாளைக்கு 4,32,000. அது நிற்கிற அச்சின் நுனி கிட்டத்தட்டத் தலைமுடிப் பருமன்தான். அங்கே கொஞ்சம் சாம்பல் போனால் உப்புத்தாள் வைத்து இரவும் பகலும் தேய்க்கிற கதைதான். ஓடாமல் இருந்ததால் தப்பித்தது. "ஓடிட்டு இருந்திருந்தா, ஒரு வருஷத்துல அச்சைத் தின்னிருக்கும்."

நான் ஆர்வத்தில் சாவி கொடுத்துப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன், இறுகிப்போய்த் திரும்பவில்லை, ஓவராகச் சாவி கொடுத்துக் கெட்டுவிட்டதோ என்று கேட்டேன். சிரித்தார். ஓவராகச் சாவி கொடுத்துக் கெட்டுப்போனது என்று வருகிற கடிகாரத்தில் முக்கால்வாசி, ஸ்பிரிங் முழுசாகச் சுற்றி நிற்கிறது, ஆனால் உள்ளே எண்ணெய் பிசினாகி ஓட முடியவில்லை, அவ்வளவுதானாம். பல வருஷம் கிடந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, தட்டி, குலுக்கி ஓட வைப்பது வறட்டு அச்சைத் தேய்க்கிற வேலை. அதைவிட மோசம் வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் விடுவது. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டு வந்தவர்களும் உண்டாம்.

இன்னொன்றும் காட்டினார். டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் பேலன்ஸ் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது, குப்புற வைத்தால் சோம்பலாகக் கொஞ்ச நேரம் ஓடியது. ஒரு பக்கம் ஓடி ஒரு பக்கம் நின்றால் அச்சின் ஒரு முனை உடைந்திருக்கலாம். எப்போதோ கீழே போட்டிருக்கிறார்கள். அதிர்ச்சி தாங்குகிற அமைப்பெல்லாம் இதற்குப் பிந்தைய கடிகாரங்களில்தான் பரவலாக வந்தது. இதை ஒரு அடி உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விட்டாலே போதும், கதை முடிந்தது.

அப்போதுதான் மூடியின் உள்பக்கத்தை என்னிடம் திருப்பினார். லென்ஸைக் கையில் கொடுத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். நான் வெறும் கீறல் என்று நினைத்திருந்த இடத்தில் ஊசியால் எழுதின மாதிரிப் பொடி எழுத்துகள். ஒரு காலத்தில் சர்வீஸ் செய்கிறவர்கள் மூடிக்குள் தங்கள் குறியையும் தேதியையும் கீறி வைப்பார்களாம், அதே கடிகாரம் திரும்பி வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிவதற்கு. ஓரத்தில் 8.36 என்று ஒன்று. 51 என்று ஒன்று, அதன் பக்கத்தில் ஏதோ கையெழுத்து மாதிரி. 9-62. கடைசியாக, மற்றதைவிட ஆழமாக, 3.79.

எழுபத்தொன்பது. தாத்தா செத்து ஐந்து வருஷம் கழித்து.

அன்றைக்கு ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டேன். "ஆமாடா, உங்கப்பன் மில்லுல வேலைக்குச் சேர்ந்தப்ப ரிப்பேர் பார்த்தான். கைக்கடிகாரம் வாங்கக் காசு ஏது? ஷிஃப்டுக்கு லேட்டாப் போனா சம்பளத்துல பிடிப்பாங்க. ஒரு வருஷமோ என்னமோ அதைத்தான் சட்டைப்பையில போட்டுட்டுப் போனான், அப்புறம் எச்எம்டி வாங்கிட்டான்." அப்படியென்றால் பத்து இருபது? "அது யாருக்குத் தெரியும். உங்க அப்பத்தா சொன்னா சொன்னதுதான், எதுத்துப் பேச முடியுமா?" அப்பா இருந்த வரைக்கும் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப ஓட வெச்சிரு" என்றார்.

முள்ளை நகர்த்தக்கூடாது என்பதுதான் நான் தயங்கியதற்குப் பெரிய காரணம், அதுவே போய்விட்டது. ஆனால் அந்தக் கீறல்களைப் பார்த்த பிறகு இன்னொன்று உறைத்தது. புதுசாக்கித் தருகிறேன் என்ற கடையில் கொடுத்திருந்தால் இந்த நாலு தேதியும் பாலிஷ் சக்கரத்தில் போயிருக்கும், எனக்குப் போனதும் தெரிந்திருக்காது. அதனால் ரிப்பேர் பார்ப்பதா வேண்டாமா என்று மொத்தமாக யோசிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டோம், நானும் அவரும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து. மெஷின் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அழுக்கோடு விட்டால் துரு ஏறும், எனவே முழுசாகக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவது. சாவித் தண்டில் ஏற்கெனவே துரு இருந்தது. பாம்பன் உப்புக்காற்றா மதுரை வியர்வையா தெரியாது, இரண்டும் சாவி ஓட்டை வழியாகத்தான் போகும். உடைந்த அச்சை மாற்றுவது. சாவி கொடுத்தால் சுற்றிக்கொள்கிற மெயின் ஸ்பிரிங் வலு இழந்திருந்தால் அதையும் மாற்றுவது, ஆனால் அகலமும் கனமும் அளந்து அதே அளவில். கேஸைத் தொடக்கூடாது. டயலைத் தொடக்கூடாது, சில்லு பெயர்ந்த இடத்தை அடைக்கவும் வேண்டாம். முள் இருக்கிறபடியே. கண்ணாடி மட்டும் கீறல் விழுந்த பிளாஸ்டிக், எப்போதோ யாரோ மாற்றினது, அதை மாற்றலாம்.

அச்சுதான் இழுத்தடித்தது. டயலில் வெஸ்ட் எண்ட் என்று இருப்பதால் வெஸ்ட் எண்ட் ஸ்பேர் வாங்கினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கம்பெனி லாஞ்சின்ஸ் உட்படப் பல இடங்களிலிருந்து மெஷின் வாங்கித் தன் பெயரில் விற்றது, அதனால் டயலில் உள்ள பெயரை வைத்து ஸ்பேர் தேட முடியாது, மெஷினில் இருக்கிற குறியைத்தான் பார்க்க வேண்டும். மூன்று மாதம் தேடினார். அதே மெஷின் உள்ள, டயல் உடைந்த இன்னொரு கடிகாரத்தை 900 ரூபாய்க்குச் சென்னையிலிருந்து வரவழைத்து அதிலிருந்து எடுத்துப் போட்டார். கூலி, ஸ்பிரிங், கண்ணாடி, இந்த 900 எல்லாம் சேர்ந்து 3,800 ஆனது. பழைய சாமான் வாங்குகிற ஒருவர் இதே கடிகாரத்தை என்னிடம் 2,500-க்குத்தான் கேட்டிருந்தார், கணக்குப் பார்த்தால் நஷ்டம். விற்கிறதுக்காக ரிப்பேர் பார்க்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சாதாரண நிக்கல் கடிகாரத்தில் போட்ட காசு பெரும்பாலும் திரும்பாது.

கொடுப்பதற்கு முன்னால் செய்த ஒரு காரியம் உருப்படியானது. எல்லாப் பக்கத்திலும் போட்டோ எடுத்தேன், மூடியைத் திறந்து மெஷின் நம்பர் தெரிகிற மாதிரியும். கழற்றின எந்தப் பழைய பாகத்தையும் எறியாமல் திருப்பித் தரச் சொன்னேன். உடைந்த அச்சும் பழைய ஸ்பிரிங்கும் இப்போது ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. அந்த அச்சைத் தரையில் போட்டுவிட்டுத் தேடியதில் ஒரு சாயங்காலம் போனது, அவ்வளவு பொடி.

வாங்கி வந்த முதல் வாரம் நன்றாக ஓடியது, ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் ஸ்லோ. அடுத்த வாரம் திடீரென்று மணிக்குப் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். ஏமாற்றிவிட்டாரோ என்று கடுப்போடு போனேன். ஒரு திசைகாட்டியைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார், ஊசி ஆடியது. "போன் எங்க வெக்கிறீங்க?" மேஜையில் கடிகாரத்துக்கு ஒட்டினாற்போல்தான், காந்தம் வைத்த கவர் போட்ட போன். பேலன்ஸ் சக்கரத்தை ஆட வைக்கிற மெல்லிய சுருள், ஹேர் ஸ்பிரிங், அதன் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையானது மாதிரி ஆகி வேகமாக ஓடுமாம். ஒரு சின்னப் பெட்டிமேல் வைத்துப் பட்டனை அமுக்கி எடுத்தார், சரியாகிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை.

நேரம் திருத்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாவியை வெளியே இழுத்தால் முள் திரும்பும் என்று நினைத்துப் பலர் பிய்த்துவிடுகிறார்கள். இந்த மாதிரிப் பழைய ஸ்விஸ் கடிகாரங்கள் சிலவற்றில் சாவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும், அதை நகத்தால் அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். வைக்கிற இடத்தைச் சொன்னால், சாமி அறை வேண்டவே வேண்டாம், கற்பூரப் புகையும் திருநீறும் அங்கேதான். மருந்துப் பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். தினமும் ஓட்டுவதில்லை. மாதத்தில் ஒரு தடவை சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிடுகிறேன், நாலைந்து வருஷத்தில் திரும்ப எண்ணெய் போடக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மூடிக்குள் குறி போடவா என்று அவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் கீறக்கூடாது என்கிறார்களாம், அதனால் மெல்லிய மார்க்கர் பேனாவால் 3.79-க்குக் கீழே தேதி மட்டும் எழுதினார்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், கடிகாரம் யாருக்கு என்று எல்லார் முன்னாலும் பேசி முடித்திருக்க வேண்டும். ஓடாத வரைக்கும் யாரும் கேட்கவில்லை. ஓடுகிற வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பா மகன் போன் செய்தான். அதோடு சேர்ந்த சங்கிலி அவர்கள் வீட்டில்தான் இருக்கிறதாம், கடிகாரத்தைக் கொடுத்தால் இரண்டையும் ஒன்றாக வைக்கலாம் என்கிறான். சங்கிலியைக் கொடுத்தாலும் ஒன்றாக வைக்கலாமே என்றேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.